ஷட்டர் ராசம்மாளும் ஓர் ஆங்கிலச் சொல்லும்

ராசம்மாளுக்கு ஐம்பத்து மூன்று வயது. இத்தனை வருஷத்தில் ஊர் அவரைத் திட்டாத திட்டு இல்லை. வாயாடி என்பார்கள், ரேடியோப் பெட்டி என்பார்கள், பேச்சு முற்றினால் அதற்கும் மேலே போவார்கள். எல்லாவற்றுக்கும் அவரிடம் பதில் இருந்தது. பெரும்பாலும் திட்டுகிறவர் திட்டி முடிப்பதற்கு முன்பே இருந்தது. ஆனால் ஜனவரிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை, பாசனப் பிரிவு அலுவலகத்தில் மதகு பார்க்கும் லஸ்கர் சைக்கிளில் கொண்டுவந்து கொடுத்த உறைக்குள் இருந்த திட்டுக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. அது ஆங்கிலத்தில் இருந்தது.

உறைக்குள் இரண்டு கடிதங்கள். ஒன்று தமிழில், அலுவலகத்து அறிவிப்பு: சின்னாற்று வாய்க்காலில் முறை வைக்கும் பொறுப்பிலிருந்து உங்களை ஏன் நீக்கக் கூடாது என்பதற்கு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஷட்டரடியில் நேரில் விளக்கம் தரவும். இன்னொன்று அதே வாய்க்காலில் நிலம் உள்ள பஞ்சநதம் எழுதிய மனுவின் நகல். இரண்டு பக்கம், நெருக்கமான டைப். எட்டாம் வகுப்போடு நின்ற ராசம்மாள் ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார். தன் பெயரைக் கண்டுபிடித்தார். அதற்குக் கொஞ்சம் தள்ளி, மேற்கோள் குறிக்குள் நிறுத்தி அடிக்கோடும் போட்டிருந்த ஒரு சொல்லையும் கண்டுபிடித்தார். டெர்மகண்ட்.

மேற்கோள் குறியும் போட்டு அடிக்கோடும் போட்டால் அது நல்ல வார்த்தையாக இருக்காது என்று தெரிந்துகொள்ள எட்டாம் வகுப்பு போதும்.

“ஏங்க, இது என்னன்னு போன்ல பாருங்க.”

அவர் கணவர் இளையபெருமாள் சிங்கப்பூரில் பன்னிரண்டு வருஷம் கட்டட வேலை பார்த்து, ஒன்றரை ஏக்கர் வயலும் தீராத முட்டிவலியும் சம்பாதித்துக்கொண்டு திரும்பியவர். அதிகம் பேச மாட்டார். பேச வீட்டுக்கு ஒருவர் போதும் என்பது அவர் கட்சி. போனைப் பார்த்தார். தேவைக்கு அதிகமாகவே பார்த்தார்.

“ஒண்ணும் இல்ல. சத்தமா பேசுறவங்கன்னு போட்டிருக்கு.”

“இதச் சொல்லவா இவ்வளவு நேரம்? இங்க காட்டுங்க.”

திரையில் தமிழில் இருந்தது: அடங்காப்பிடாரி.

“ஓ. இதத்தான் கோட்டு சூட்டு மாட்டி அனுப்பியிருக்காரா,” என்றார் ராசம்மாள். “தமிழ்லயே எழுதியிருந்தா நானும் தமிழ்லயே பதில் சொல்லியிருப்பேன்.”

கேலியாகத்தான் சொன்னார். ஆனால் மத்தியானம் சோறு இறங்கவில்லை. தமிழில் திட்டினால் அது தெருவோடு போய்விடும். ஆங்கிலத்தில் திட்டினால் கோப்பில் ஏறிவிடும். கோப்பில் ஏறியது எதுவும் லேசில் இறங்காது. இது அவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்ததல்ல. பட்டா மாற்ற ஆறு வருஷம் அலைந்ததில் தெரிந்துகொண்டது.

ஆலடிமேடு வலங்கைமானுக்குத் தெற்கே இருக்கிறது. ஆற்றிலிருந்து சின்னாற்று வாய்க்கால் பிரிகிற இடத்தில் ஓர் இரும்பு ஷட்டர்; அதையொட்டிப் பிடாரி கோயில். வாய்க்காலை நம்பி நூற்றுப் பத்து ஏக்கர். தலைமடையில் பஞ்சநதத்தின் ஒன்பது ஏக்கர். கடைமடையில் முப்பத்திரண்டு ஏக்கர், இருபது குடும்பங்கள். அதில் ராசம்மாளின் ஒன்றரை. ஆறு நிறையப் போகிற மாதங்களில் யாருக்கும் யாரும் தேவைப்படுவதில்லை. பொங்கல் கழிந்து, அணை மூடும் நாள் நெருங்கி, தண்ணீர் இடுப்பிலிருந்து முழங்காலுக்கு இறங்கும்போதுதான் ஊருக்கு நீதி நியாயமெல்லாம் ஞாபகம் வரும். அப்போது முறை வைப்பார்கள், இன்னாருக்கு இத்தனை மணி நேரம் என்று.

முறை வைக்கிறவருக்கு ஒரு விதி உண்டு. நேரம் வந்ததும் ஷட்டர் மேடையில் நின்று, அடுத்தவரின் பெயரை மூன்று முறை கூப்பிட வேண்டும். அவர் தன் மடையில் நின்றுகொண்டு வாயால் “இருக்கேன்” என்று சொல்ல வேண்டும். கையைத் தூக்கினால் கணக்கில் வராது. துண்டை வீசினாலும் வராது. ஆள் மடையில் இல்லாமல் தண்ணீரை விட்டால் அது யாருக்கும் இல்லாமல் வடிகாலுக்குப் போய்விடும் என்பதால் வந்த விதி. மூன்றாவது கூப்பாட்டுக்கும் பதில் இல்லையென்றால் முறை அடுத்த பெயருக்குப் போய்விடும். போனது போனதுதான். நடுவில் இரண்டு வருஷம் வாட்ஸப்பில் முறை சொல்லிப் பார்த்தார்கள். சேற்றில் நிற்கிறவன் போனை வீட்டில் வைத்துவிட்டு வருகிறான். வீட்டில் இருக்கிறவர்கள் செய்தியைத் திறந்து பார்த்துவிடுகிறார்கள். நீலக் குறி விழுந்துவிட்டது, ஆகவே உனக்குத் தெரியும் என்று வரப்பில் மண்வெட்டியோடு நின்று வாதாடிய பிறகு, ஊர் விஞ்ஞானத்தை விட்டுவிட்டுத் தொண்டைக்கே திரும்பியது.

அந்தத் தொண்டை ராசம்மாளுடையது. பழைய முறைக்காரர் மகன் வீட்டோடு திருப்பூருக்குப் போனபோது அந்தப் பொறுப்பை எடுக்க ஆள் இல்லை. எல்லாரிடமும் கெட்ட பெயர் வாங்குகிற வேலை அது. பாசனதாரர் கூட்டத்தில் யாரோ, “ராசம்மாக்காகிட்ட குடுங்க, மைக் செட் செலவு மிச்சம்” என்றார்கள். சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே தீர்மானம் போட்டார்கள். விளையாட்டாகக் கொடுத்ததை ராசம்மாள் விளையாட்டாக எடுத்துக்கொள்ளவில்லை. நான்கு வருஷமாகக் கடைமடைக்குத் தண்ணீர் போனது. அதற்கு முன்பும் போயிருக்கிறது, வரைபடத்தில்.

ஒரு பெண்ணுக்கு உரத்த குரல் இருக்கக் கூடாது என்பதும், அந்தக் குரல் அரை மைலுக்குக் கேட்க வேண்டும் என்பதும் ஒரே ஊரின் இரண்டு அபிப்பிராயங்கள். ஊருக்கு இரண்டும் ஒன்றையொன்று இடிக்கவில்லை. தை மாதம் பிடாரிக்குப் பொங்கல் வைத்து, எல்லையைக் காக்கும் தாயே என்று விழுந்து கும்பிட்டுவிட்டு, வீட்டுக்கு வந்து மருமகளைப் பிடாரி என்று வைகிற ஊர்தானே.

பஞ்சநதம் அந்தக் கோயிலுக்குத் தவறாமல் செய்கிறவர். எழுபத்தொரு வயது. தஞ்சாவூரில் ஒரு பெரிய அலுவலகத்தில் முப்பத்து நான்கு வருஷம் கண்காணிப்பாளராக இருந்து, மேலதிகாரிகள் கையெழுத்துப் போட்ட ஆங்கிலக் கடிதங்களையெல்லாம் எழுதிக் கொடுத்தவர். ஓய்வு பெற்ற பிறகு கையெழுத்துப் போட ஆள் இல்லாமல், தானே எழுதித் தானே கையெழுத்திட்டு, தெருவிளக்கு முதல் ரயில் நேரம் வரை மனுப் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல மனுஷர்தான். ராசம்மாளின் மகள் கனிமொழி நர்சிங் சேர்ந்தபோது விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் அவரே. ராசம்மாளின் அப்பா அவருடைய அப்பாவிடம் பண்ணையாளாக இருந்தவர் என்பதை அவர் ஒரு நாளும் சொல்லிக் காட்டியதில்லை. சொல்லிக் காட்டாத விஷயத்தை அவர் மறந்துவிட்டார் என்றும் சொல்ல முடியாது.

நடந்தது போன வெள்ளிக்கிழமை. காலை ஏழு மணிக்குப் பஞ்சநதத்தின் முறை, நான்கு மணி நேரம். வழக்கமாக அவருடைய ஆள் மடையில் நின்று பதில் சொல்வான். அன்று அவன் வீட்டில் காதுகுத்து. ராசம்மாள் ஷட்டர் மேடையில் ஏறி நின்று பார்த்தபோது, தென்னைக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் வெள்ளை வேட்டி தெரிந்தது. கையில் செய்தித்தாள். மடைக்குப் பத்தடி.

“பஞ்சநதம் சா...ர்.”

தாள் அசையவில்லை. இரண்டாவது முறை கூப்பிட்டபோது கோயில் அரசமரத்துக் காக்கைகள் கிளம்பின. தாள் லேசாகத் தாழ்ந்தது, கண்ணாடி மின்னியது, மறுபடி உயர்ந்தது. மூன்றாவது முறை ராசம்மாள் அடிவயிற்றிலிருந்து கூப்பிட்டார். பதில் இல்லை. ராசம்மாளுக்குத் தெரியும், கேட்டிருக்கிறது என்று. அவருக்குத் தெரியும் என்பது பஞ்சநதத்துக்கும் தெரியும். இருவருக்கும் நடுவில் தண்ணீர் சும்மா போய்க்கொண்டிருந்தது.

“இராஜாங்கம்,” என்று அடுத்த பெயரைக் கூப்பிட்டார் ராசம்மாள்.

“இருக்கேங்க்கா,” என்று பதில் வந்தது. முறை போய்விட்டது.

மனு அதற்கு மறுநாளே போயிருக்கிறது. தமிழ் அறிவிப்பின்படி கேட்டது இரண்டு: முறை வைக்கிற பெண்மணியை நீக்க வேண்டும், எனக்கு முறையாகத் தெரிவிக்காமல் பறித்த நான்கு மணி நேரத்தை இந்தக் கடைசிச் சுற்றிலேயே ஈடு செய்ய வேண்டும். விசாரணை நாளுக்குள் கடைசிச் சுற்றில் மிச்சமிருக்கப் போவது ஒரே ஒரு முறைதான். வியாழக்கிழமை பதினொரு மணி முதல் ஐந்து மணி வரை, கடைமடையின் ஆறு மணி நேரம். அன்று சாயங்காலம் ஆற்றில் மேலே இருக்கும் பெரிய மதகை, ரெகுலேட்டரை, அடைத்துவிடுவார்கள். ஆறில் நான்கு போனால் இரண்டு. இரண்டு மணி நேரத் தண்ணீர் வாய்க்காலை நனைப்பதற்கே சரியாக இருக்கும். பஞ்சநதத்தின் நெல் முன்னதாக நட்டது, மணி முற்றிக்கொண்டிருந்தது; ஒரு தண்ணீர் குறைந்தாலும் தாங்கும். கடைமடையில் எப்போதும் போலப் பிந்தித்தான் நட்டார்கள். கதிர் இப்போதுதான் பால் பிடித்திருந்தது. ஒரு நனைப்பு இல்லையென்றால் எல்லாம் பதர். இருபது குடும்பத்தின் பதருக்கு ராசம்மாளின் வாய்தான் காரணம் என்று ஊர் சொல்லும். கடைமடையே முதலில் சொல்லும்.

செவ்வாய்க்கிழமை ஒரு வேடிக்கை நடந்தது. ராசம்மாளுக்கு வேடிக்கையாக இல்லை. நடுமடைக்கு முறை சொல்ல மேடையில் ஏறி வாயைத் திறந்தார். குரல் பாதியில் நின்றது. யாரோ நாற்காலியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பது போல, கேட்டதை டைப் அடித்துக்கொண்டிருப்பது போல ஒரு கூச்சம். அடக்கிக் கூப்பிட்டார். பதில் வரவில்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதற்குள், பக்கத்து வரப்பில் நின்ற ஆள் ஓடிப்போய் முறைக்காரரைத் தொட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. “என்னக்கா, தொண்டை கட்டிக்கிச்சா?” என்று கேட்டான் அவன். ஆமாம் என்றார் ராசம்மாள். தன் வாழ்நாளில் அவர் சொன்ன அபூர்வமான பொய்களில் ஒன்று.

அன்று மாலை இராஜாங்கத்தைப் பார்க்கப் போனார். இராஜாங்கம் பாசனதாரர் சங்கத்துக்குச் செயலாளர். ஷட்டருக்கு அடுத்த வயல். வெள்ளிக்கிழமை பதில் சொன்ன ஆள். அவன் சாகுபடி செய்வது பஞ்சநதத்தின் அண்ணன் நிலம், குத்தகைக்கு.

“தம்பி, வியாழக்கிழமை நீ சொன்னாப் போதும். மூணு தடவை கூப்பிட்டேனா இல்லையா?”

இராஜாங்கம் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கொண்டிருந்தான். மாடு குடித்து முடித்த பிறகும் காட்டிக்கொண்டிருந்தான்.

“நீங்க என் பேரக் கூப்பிட்டது கேட்டுச்சுக்கா. அதுக்கு முன்னாடி... நான் பம்புசெட்டுப் பக்கம் இருந்தேன் பாருங்க.”

“பம்புசெட்டு ஓடலயே. கரண்டு இல்ல அன்னிக்கு.”

“ஓடாத பம்புசெட்டுப் பக்கம்தாங்க்கா இருந்தேன்.”

ராசம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. அவன் நிலைமையும் அவருக்குப் புரிந்தது. எதிரியின் நிலைமை புரிந்துவிடுவது சண்டைக்கு நல்லதல்ல. சாட்சியின் நிலைமை புரிந்துவிடுவது அதைவிடக் கெடுதல்.

வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கே அலுவலக ஜீப் வந்துவிட்டது. உதவிப் பொறியாளர் தஹ்மீனா இறங்கினார். முத்துப்பேட்டைக்காரர், முப்பது வயது இருக்கும், தலையில் சாம்பல் நிற முக்காடு, காலில் ரப்பர் பூட்ஸ். முதலில் ஆற்றில் இறங்கி அளவுகோலைப் பார்த்தார். எழுதிக்கொண்டார். பிறகுதான் மனிதர்களைப் பார்த்தார். அந்த வரிசை ராசம்மாளுக்குப் பிடித்திருந்தது. ஆனால் இந்த மாதிரி சமயத்தில் ஒருவரைப் பிடித்துப்போவது ஆபத்து என்று தன்னையே அடக்கிக்கொண்டார்.

பஞ்சநதம் பத்து மணிக்கு வரவில்லை. பத்தே முக்காலுக்கு வந்தார். சலவை மடிப்புக் கலையாத சட்டை. பின்னால் ஊரில் பாதிப் பேர். கடைமடைக்காரர்கள் மறுகரையில் மண்வெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். 

“மனுவில சொன்னதுக்கு மேல எனக்குச் சொல்ல ஒண்ணும் இல்லம்மா,” என்றார் பஞ்சநதம். “அன்னிக்கு என்னை யாரும் கூப்பிடல. கூப்பிட்டதா எனக்குக் கேக்கவே இல்ல. முறை போனதே இராஜாங்கம் வயல்ல தண்ணி பாயிறதப் பார்த்துத்தான் தெரிஞ்சுது.”

“நான் மூணு தடவை கூப்பிட்டேன் மேடம்,” என்றார் ராசம்மாள்.

“கேட்டவங்க யாராவது இருக்கீங்களா?” தஹ்மீனா சுற்றிப் பார்த்தார். ஊரே கோயில் கோபுரத்தைப் பார்த்தது. இராஜாங்கம் தன் கால் கட்டைவிரலைப் பார்த்தான். கடைமடைக்காரர்கள் அன்று அரை மைலுக்கு அப்பால் இருந்தவர்கள். அத்தனை தூரத்தில் யார் பெயர், எத்தனை முறை கேட்டது என்று மடக்கிவிடலாம். தவிர, அவர்கள் ஆதாயம் உள்ளவர்கள்.

தஹ்மீனா கோப்பைத் திறந்தார்.

“சார், இதுல ஒரு சொல் போட்டிருக்கீங்க. டெர்மகண்ட்.”

பஞ்சநதத்தின் முகம் மலர்ந்தது. ஆசிரியர் தன் வரியைப் படித்தவரைச் சந்திக்கும் அபூர்வமான மகிழ்ச்சி.

“இப்ப யாரும் அத எழுதுறதில்லம்மா. பழைய சொல். அடக்கமில்லாம கூச்சல் போடுற ஸ்திரீன்னு அர்த்தம். அநாகரிகமான சொல்லில்ல. எங்க காலத்துல திட்டினாலும் இலக்கணமாத் திட்டுவோம்.”

“அகராதி பார்த்தேன் சார். அது முதல்ல பொம்பளையே இல்ல.”

“அப்படியா?”

“சாமி. ஆம்பளச் சாமி. எண்ணூறு, தொள்ளாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஐரோப்பாவுல முஸ்லிம்களோட சண்டை போட்டாங்கல்ல, அப்ப இந்த முஸ்லிம்கள் டெர்மகண்ட்னு ஒரு சிலையைக் கும்பிடுறாங்கன்னு அவங்களே பாட்டுக் கட்டிட்டாங்க. நாங்க சிலையே கும்பிடுறதில்ல. அப்படி ஒரு சாமி எங்ககிட்ட எந்தக் காலத்துலயும் இல்ல. எங்க அத்தா கேட்டுட்டு அரை மணி நேரம் சிரிச்சாங்க.”

கூட்டத்தில் ஒருவர் இருமினார். தஹ்மீனா பேசிக்கொண்டே போனார், அளவுகோல் எண்ணைப் படிக்கிற அதே குரலில்.

“அப்புறம் இங்கிலாந்து நாடகத்துல அந்தச் சாமி வேஷம் வந்துச்சு. நீள அங்கி மாட்டிக்கிட்டு மேடைல நின்னு ஓயாம கத்துற வேஷம். போட்டது ஆம்பளைங்க. கத்துனதும் ஆம்பளைங்க. நாடகம் போச்சு, சாமி போச்சு, சொல்லு மட்டும் நின்னுது. அது எப்படிப் பொம்பளைங்களுக்குப் போச்சுன்னு யாருக்கும் சரியாத் தெரியல. அங்கியப் பார்த்துப் பொம்பளைன்னு நினைச்சிருக்கலாம்னு ஒருத்தர் எழுதியிருக்கார்.”

“சுவாரஸ்யமான தகவல்,” என்றார் பஞ்சநதம். “ஆனா சொல்லோட பிறப்பு வேற, வழக்கு வேற. பதினேழாம் நூற்றாண்டுல இருந்தே...”

ராசம்மாள் இரண்டையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். இல்லாத ஒரு சாமியை இருக்கிற ஒரு ஜனத்தின் தலையில் கட்டி, அதைக் கடைசியில் பெண் பிள்ளைகளின் தலையில் இறக்கியிருக்கிறார்கள். பக்கத்தில் இருக்கும் பிடாரிக்காவது கோயில் என்று ஒன்று உண்டு. வேறு நாளாக இருந்தால் இதை வைத்து ஒரு வாரம் பேசியிருப்பார். ஆனால் அவர் கண் ஆற்றில் இருந்தது. ஜீப் வந்தபோது அளவுகோலில் மூழ்கியிருந்த சிவப்புக் கோடு இப்போது வெளியே தெரிந்தது. மணி பதினொன்று ஐந்து. கடைமடை முறை தொடங்கி ஐந்து நிமிஷம் ஆகிவிட்டது. ஆங்கிலம் தெரிந்த இரண்டு பேர் பதினேழாம் நூற்றாண்டுக்குப் போய்விட்டார்கள்.

“மேடம், சாமி கதையை அப்புறம் பேசலாம். தண்ணி இறங்குது,” என்றார் ராசம்மாள். “மூணு நாளா நானும் இந்த ஒத்தச் சொல்லையே பார்த்துக்கிட்டிருக்கேன். ரெண்டு பக்கம் எழுதியிருக்காரு. மிச்சம் என்ன எழுதியிருக்காருன்னு யாரும் எனக்குச் சொல்லல. தமிழ்ல படிங்க. நான் ஒவ்வொண்ணுக்கா பதில் சொல்லிட்டுப் போறேன்.”

தஹ்மீனா சட்டென்று மனுவின் முதல் பக்கத்துக்குத் திருப்பினார். தானும் அந்த ஒற்றைச் சொல்லிலேயே நின்றுவிட்டது அவருக்கு அப்போதுதான் உறைத்தது போல. முதல் பத்தியிலிருந்து தமிழில் சொல்லிக்கொண்டு வந்தார். நிலத்தின் விவரம். மனுதாரரின் சேவை. முன்னறிவிப்பு இல்லாமல் முறை பறிபோனது. இரண்டாம் பக்கம்.

“மேற்படி தேதி காலை ஏழு மணியளவில், மேற்படி பெண்மணி ஷட்டர் மேடையின் மீது ஏறி நின்று, ஒரு டெர்மகண்ட்டைப் போல, ஊரே அதிரும்படி, பறவைகள் மிரண்டு பறக்கும்படி, ஒரு முறை அல்ல, மூன்று முறை, என் பெயரைக் கூவி...”

தஹ்மீனா நிறுத்தினார்.

அந்த வரியில் விரலை வைத்து மறுபடி பார்த்தார்.

“எத்தனை முறை மேடம்?” என்றார் ராசம்மாள் மெதுவாக.

“மூன்று.”

“நான் எண்ணினா தப்பா இருக்கும். சாரே எண்ணியிருக்காரு.”

மறுகரையில் யாரோ மண்வெட்டியைத் தரையில் ஊன்றி எழுந்தார். பஞ்சநதம் கையை நீட்டிக் கோப்பை வாங்கிப் பார்த்தார். அவருடைய எழுத்துதான். நல்ல வாக்கியமும்கூட, பறவைகளை அவர் மூன்றாவது திருத்தத்தில் சேர்த்திருந்தார். முப்பத்து நான்கு வருஷம் பிறருடைய கடிதங்களில் முன்னுக்குப் பின் முரணைத் தேடியவர், சொந்தக் கடிதத்தில் அழகை மட்டுமே தேடியிருக்கிறார்.

“அது வேற, இது வேற,” என்றார். “அவ கத்துனது கேட்டுது. கூப்பிட்டது கேக்கல.”

“ரெண்டும் ஒரே வாயிலதானே சார் வந்துது?”

“கூப்பிடுறதுக்கு ஒரு முறை இருக்கும்மா. ஒரு மரியாதை இருக்கு. ஆளனுப்பிச் சொல்லலாம். பக்கத்துல வந்து சொல்லலாம். நடுவயல்ல என் பேரப் போட்டுக் கூவினா, நான் எழுந்து நின்னு ‘இருக்கேன்’னு திருப்பிக் கூவணுமா?”

“எல்லாரும் கூவுறாங்களே சார்,” என்றார் தஹ்மீனா.

பஞ்சநதம் கோப்பைத் திருப்பிக் கொடுத்தார். பதிலை ராசம்மாள் சொன்னார். அவர் குரல் அப்போதும் தாழ்ந்தே இருந்தது, ஆனால் செவ்வாய்க்கிழமைத் தாழ்வு அல்ல.

“சார், உங்களுக்குக் காது நல்லாக் கேக்கும். பதில் சொல்லித்தான் பழக்கம் இல்ல. உங்க அப்பா, பெரியவருக்கும் இல்ல. அவரு பேரைக் கூப்பிட்டா எங்கப்பா மடைல நின்னு ‘இருக்கேன்’னு சொல்லும். கூப்பிட்டது ஒரு பேரு, பதில் சொன்னது வேற ஆளு. அது ஒரு காலம். நான் உங்களக் கேவலப்படுத்தக் கூப்பிடல. தண்ணி வீணா வடிகாலுக்குப் போகக் கூடாது, அதுக்காகக் கூப்பிட்டேன். மெதுவாக் கூப்பிட்டா யாருக்கும் கேக்காது.”

இராஜாங்கம் தலை தூக்கினான். “மூணு தடவைதாங்க கூப்பிட்டாங்க,” என்றான், யாரும் கேட்காமலே. “எனக்கும் கேட்டுச்சு.” சொல்லிவிட்டு மறுபடி கட்டைவிரலைப் பார்த்தான். இந்தச் சாட்சியம் இப்போது தேவையில்லை. தேவையில்லாத நேரத்தில் சொல்வதற்கும் அவனுக்குத் தைரியம் வேண்டியிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

தஹ்மீனா நின்றபடியே எழுதினார். மனுதாரர் மூன்று அழைப்பையும் கேட்டதாகத் தாமே எழுத்தில் ஒப்புக்கொண்டிருப்பதால், முறை மாறியது விதிப்படி சரி. ஈடு இல்லை. கடைமடை முறை உடனே தொடங்கலாம். பொறுப்பிலிருந்து நீக்க முகாந்திரம் இல்லை. எழுதிவிட்டு நிமிர்ந்தார்.

“ராசம்மாள் அம்மா, அந்தச் சொல்லை மனுவில இருந்து நீக்கணும்னு நீங்க கேக்கலாம். கேட்டா அதையும் எழுதிடுறேன்.”

ராசம்மாள் மேடையை நோக்கி நடந்துகொண்டே சொன்னார்.

“வேணாம் மேடம். அந்த வரிய எடுத்தா எனக்குச் சாட்சி யாரு?”

மேடையில் ஏறினார். மணி பதினொன்று பதினேழு. ஷட்டரின் திருகுப்பிடியை நான்கு சுற்றுச் சுற்றினார். இந்த மூன்று நாளில் முதல் தடவையாக மூச்சை அடிவயிறு வரை இழுத்துக் கடைமடையைக் கூப்பிட்டார். பக்கத்தில் நின்ற தஹ்மீனா சட்டென்று ஒரு காதைப் பொத்திக்கொண்டார். கடைமடைக்காரர்கள் பத்தடி தூரத்தில் எதிர்க்கரையிலேயே நின்றிருந்தார்கள். ஆனாலும் இருபது பேரும் சேர்ந்து “இருக்கோம்” என்று கத்திவிட்டு, வரப்பில் ஓடினார்கள்.

நாலரை மணிக்குக் கடைமடை நிறைந்துவிட்டதாக ஆள் வந்து சொன்னான். ராசம்மாள் தன் ஒன்றரை ஏக்கரைப் போய்ப் பார்க்கவில்லை. இளையபெருமாள் அங்கே இருந்தார். ஐந்து மணிக்கு இன்னும் அரை மணி இருந்தது. முறை முடிய நேரமிருக்கிறது, தண்ணீர் வடிகாலுக்குப் போகிறது. விதிப்படி அதை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கலாம். யாருக்கும் கொடுக்காமலும் இருக்கலாம். தென்னைக்கு அடியில் நாற்காலி காலியாக இருந்தது. பஞ்சநதம் மடையோரம் தனியாக நின்றிருந்தார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. அவருடைய ஆள் இன்றும் வரவில்லை.

ராசம்மாள் கூப்பிட்டார். அவர் நிமிர்ந்து பார்த்தார். பதில் இல்லை.

இரண்டாவது தடவையும் அதே அளவுக் குரலில் கூப்பிட்டார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பஞ்சநதம் கையை உயர்த்தினார். ராசம்மாள் ஷட்டரிலிருந்து கையை எடுத்துவிட்டுக் காத்திருந்தார். வாய்க்காலில் ஒரு தென்னமட்டை மிதந்து மடையைத் தாண்டிப் போயிற்று. பஞ்சநதத்தின் கை இறங்கியது. மூன்றாவது தடவைக்கு ராசம்மாள் மூச்சை இழுத்தபோது, எதிர்ப்பக்கமிருந்து பழக்கமில்லாத ஒரு குரல் கீறிக்கொண்டு வந்தது.

“இருக்கேன்.”

வாய்க்காலை மறிக்கும் பலகையை அவரே போட்டார். கொஞ்சம் கோணலாகத்தான் போட்டார். தண்ணீர் அரை மணி நேரம் வந்தது; ஒன்பது ஏக்கரில் இரண்டு நனைந்திருக்கலாம். அது போதவே போதாது என்று அடுத்த வாரம் அலுவலகத்துக்கு ஒரு மனுப் போட்டிருந்தார். அந்த மனு தமிழில் இருந்தது.